கதாநாயகி வாய் மூடிய பிறகு

படம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. இனி ஒரு பாட்டு, பாட்டு முடிந்ததும் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி முடிந்ததும் மழை, மழையில்தான் அது வரும் என்று நினைத்தபடி கோமளவல்லி அடுப்படியில் பால் காய்வதற்காக நின்றுகொண்டிருந்தாள். சம்பந்தி வீட்டார் பேச வந்திருக்கும்போது டிவியை அணைப்பதுதான் மரியாதை. ஆனால் அவள் கணவர் தட்சிணாமூர்த்தி வேண்டுமென்றே ஓடவிட்டிருந்தார். வாசலில் அவர்கள் காலெடுத்து வைக்கும்போதே, வாங்க வாங்க, உங்க சம்பந்தி படம்தான் ஓடுது, சரியான நேரத்துக்கு வந்தீங்க என்று சொல்லியாயிற்று. சரியான நேரம். புருஷன் வேண்டாமென்று வந்து நிற்கிற பெண்ணைத் திருப்பி அனுப்புவதற்கு அப்படி ஒரு நேரம் இருக்கிறது போலிருக்கிறது. சம்பந்தி படம் என்றால் அவள் நடித்த படம் இல்லை. நடித்தவள் தெலுங்குக்காரி, உதட்டை அசைத்தாள், அவ்வளவுதான். அந்த உதட்டிலிருந்து வந்த தமிழெல்லாம் கோமளவல்லியுடையது. குடிகாரப் புருஷனைப் பொறுத்துப் பொறுத்தே திருத்திவிடுகிற உத்தமியின் கதை. ஏதாவது ஒரு சேனலில் அடிக்கடி போட்டுவிடுகிறார்கள். போடும்போதெல்லாம் தட்சிணாமூர்த்தி பக்கத்து ஃபிளாட்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மழைக் காட்சி வந்ததும் காலை ஆட்டிக்கொண்டே, அந்த அழுகை இருக்கே, அதுக்குக் காரணம் ஐயாதான், முந்தின நாள் நமக்குக் கொஞ்சம் ஓவராப் போயிடுச்சு, அம்மா மறுநாள் போய்ப் பின்னிட்டா என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். கோமளவல்லியும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அப்படிச் சிரித்ததை நினைத்தபோது இப்போது தொண்டையில் என்னவோ புளித்துக்கொண்டு ஏறியது. பால் இன்னும் காயவில்லை.

ஹாலிலிருந்து சந்தன வாசனை வந்தது. சந்தனம், விபூதி, கற்பூரம், சரியாகக் காயாத கறுப்பு வேட்டி எல்லாம் சேர்ந்த வாசனை. மாப்பிள்ளை கிரிதரன் சோபாவில் உட்காரவில்லை. கையோடு கொண்டுவந்த பாயை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் துளசிமணி, முகத்தில் புதுத் தாடி. கார்த்திகை பிறந்ததும் மலைக்கு மாலை போட்டாயிற்று. மாலை போட்டவன் சாமி, பெற்றவளே சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், மாமியார் எம்மாத்திரம். உள்ளே நுழைந்தபோது வாங்க மாப்பிள்ளை என்றவளை அவன் அம்மா வசுமதி முழங்கையால் லேசாக இடித்து, சாமின்னு சொல்லுங்க சம்பந்தி என்று திருத்தினாள். வாங்க சாமி என்று சொன்ன கையோடு கோமளவல்லிக்கு வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல் இருந்தது. மலையில் இருக்கிற சாமி மேல் அவளுக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அது என்ன செய்யும் பாவம், யார் வந்து நின்றாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிற சாமிகளைத்தான் அவளுக்குத் தெரியும். தட்சிணாமூர்த்தியும் வருஷம் தவறாமல் மாலை போட்டவர். ஐப்பசி முடிகிற அன்றைக்கு, நாளையிலிருந்து கிடையாதே என்று கழுத்து வரைக்கும் ஏற்றிக்கொண்டு வருவார்; விடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பழமாக வந்து நிற்பார். ஒரு மண்டலம் சுத்தம். தினமும் வீட்டைக் கழுவிவிட்டு, தனிப் பாத்திரத்தில் சமைத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டு, தீட்டு நாட்களில் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்து எல்லாம் செய்தாள், இந்தத் தடவையோடு நின்றுவிடும் என்று நினைத்தாள். ஒவ்வொரு வருஷமும் நினைத்தாள், அதுதான் கொடுமை. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றின கையோடு வழியிலேயே வேனை நிறுத்தியிருப்பார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது கையில் அரவணை டப்பா, வாயில் அந்த நாற்றம். பிரசாதத்தைத் தன் விரலாலேயே எடுத்து அவள் வாயில் ஊட்டிவிட்டார். முழுங்கினாள். துப்பினால் சாமி குற்றம். இப்போது அவர் குடிப்பதில்லை; திருந்திவிட்டேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்கிறார். ஈரல் வீங்கி டாக்டர் மிரட்டினார், இவர் பயந்து நிறுத்தினார், இதில் திருந்துவதற்கு என்ன இருக்கிறது என்று அவள் ஒருதரமும் கேட்டதில்லை.

பாட்டு முடிந்துவிட்டது. சோப்பு விளம்பரம் ஓடுகிறது. மகள் மஞ்சரி படுக்கையறை வாசலில் நிற்கிறாள், ஹாலுக்கும் வராமல் உள்ளேயும் போகாமல். தீபாவளி கழிந்ததும் ஒரே ஒரு பையோடு வந்த பெண். லேபில் வேலை. அடுத்தவர் ரத்தம், சளி, மூத்திரம் எல்லாவற்றையும் கையாளுகிறவள், அதற்கெல்லாம் முகம் சுளிக்காதவள். அவள்தான் வந்து சொன்னாள், அருவருப்பா இருக்கும்மா என்று. அடிச்சாரா என்று கோமளவல்லி கேட்டாள். இல்லை. வேற பொம்பளை சகவாசமா? இல்லை. சந்தேகப்படுறாரா, வேலைக்குப் போகாதேங்கிறாரா? அதெல்லாம் ஒன்றுமில்லை. குடித்துவிட்டு வந்து பேசாமல் படுத்துக்கொள்கிறவன்தான். ஆனால் அவன் படுத்த தலையணையில் படுக்க முடியவில்லை, அவன் சாப்பிட்ட தட்டைத் தொட முடியவில்லை, தூக்கத்தில் அவன் மூச்சு இந்தப் பக்கம் திரும்பினால் குமட்டிக்கொண்டு வருகிறது என்றாள். இதெல்லாம் ஒரு காரணமாடி என்று கேட்டவள் கோமளவல்லிதான், வேறு யாருமில்லை. கேட்கும்போது தன் குரல் எவ்வளவு உருக்கமாக வந்தது என்பதையும் கவனித்தாள், தொழில் பழக்கம் எங்கே போகும். அடித்த தழும்பைக் காட்டலாம், பட்டினி போட்டால் சொல்லலாம், குமட்டலை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? மஞ்சரி அதற்குமேல் வாதாடவில்லை. கொளத்தூரில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன், லேபுக்குப் பக்கம் என்று மட்டும் சொன்னாள். தனியாவா, நாலு பேர் என்ன நினைப்பாங்க என்று அதற்கும் இவளிடம் பதில் தயாராக இருந்தது. அன்றைக்கு அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே வந்து புலாவுக்கு வதக்கும்போதுதான் கவனித்தாள், பட்டை இருக்கிறது, ஏலக்காய் இருக்கிறது, கிராம்பு இல்லை. இந்த வீட்டில் கிராம்பு வாங்குவதே இல்லை. குடித்த நாட்களில் தட்சிணாமூர்த்தி வாயில் அடக்கிக்கொண்டு வந்தது கிராம்பு, அது நாற்றத்தை மறைக்காது, நாற்றத்துக்கு மேலே உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். அவர் நிறுத்தி எத்தனையோ காலம் ஆகியும் மளிகைக் கடையில் கிராம்பு டப்பாவைத் திறந்தால் அவளுக்கு வயிறு புரளும். பல் வலிக்குக்கூட வைத்துக்கொண்டதில்லை. மாப்பிள்ளைக்குப் புதினா மிட்டாய், காலம் முன்னேறியிருக்கிறது. ஆகவே காரணம் இல்லை என்று சொன்னவளுக்கே காரணம் தெரியும், தெரிந்தேதான் சொன்னாள் என்று இப்போது தோன்றியதும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. பால் பொங்கி மேலே வந்தது, அடுப்பைக் குறைத்தாள்.

ஆஸ்பத்திரி வந்துவிட்டது. கதாநாயகன் கட்டிலின் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுக்கிறான். எவ்வளவு சுத்தமான வாந்தி, சத்தம் மட்டும்தான், உடனே காமிரா கதாநாயகியின் பொட்டுக்குப் போய்விடும். அந்தச் சத்தத்தை டப்பிங்கில் ஒருவர் சோடாவைக் கொப்பளித்து வாளியில் துப்பி உண்டாக்கினார், துப்பிவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். நிஜத்தில் காமிரா எங்கேயும் போகாது. மழைக் காட்சிக்குக் குரல் கொடுத்த அன்றைக்குக் காலையில் தட்சிணாமூர்த்தி எழுந்திருக்க முடியாமல் படுக்கையிலேயே எடுத்திருந்தார். தலையணை, போர்வை, மெத்தையின் தையல், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வரைக்கும். கொண்டைக்கடலை முழுசாக இருந்தது. அதை ஏன் இத்தனை வருஷம் மறக்கவில்லை என்று தெரியவில்லை, மறந்தால் நன்றாக இருக்கும், கொண்டைக்கடலை. துணியால் வராததைக் கையால் வழித்தாள். குளித்தாள், எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தாள், சோப்பைத் தேய்த்தாள், நேரமாகிவிட்டது என்று பஸ் பிடித்து டப்பிங் தியேட்டருக்கு ஓடினாள். அந்தக் காலத்தில் காட்சியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஒட்டிச் சுற்றவிடுவார்கள், லூப் என்று பெயர். ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஓடும், உதடு பார்த்து வசனம் சொல்ல வேண்டும். மழைக் காட்சியில் கதாநாயகி சேற்றில் கிடக்கிற புருஷனின் காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசுகிறாள். முகம் புதைந்திருக்கும்போது குரலும் புதைந்து வர வேண்டும், அதற்கு வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பேசுவதுதான் வழக்கம். கோமளவல்லியும் மூடிக்கொண்டாள். வலது கை. ஊரெல்லாம் உங்களைக் குடிகாரன்னு சொல்லட்டும், எனக்கு நீங்க தெய்வம், என் தெய்வம் விழுந்து கிடக்கிற இடம்தான் எனக்குக் கோயில். சொல்லி முடித்து மூச்சை உள்ளே இழுத்தாள். கட்டைவிரல் நகத்துக்கு அடியிலிருந்து அது வந்தது. எலுமிச்சை, சோப்பு எல்லாவற்றையும் தாண்டி நேராக மூக்குக்குள் வந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு ஓங்கரிப்பு கிளம்பி, அதை வெளியே விடாமல் அடக்கப் பார்த்து, அடங்காமல் பாதி வழியில் தொண்டையில் உடைந்தது. திரையில் கதாநாயகி அதற்குள் முகத்தை நிமிர்த்தி வாயை மூடிவிட்டாள். மூடின வாய்க்கு மேலே சத்தம். தப்பு, இன்னொரு டேக் போகலாம் சார் என்று கோமளவல்லி மன்னிப்புக் கேட்கப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாய் மூடியிருக்கு, நெஞ்சு அழுவுது, இது போதும்மா, இதுதான் வேணும் என்றார். பத்திரிகையில் எழுதினார்கள், கல்யாண வீடுகளில் கிட்டத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள், அந்த ஒரு விசும்பலுக்கு உங்களுக்கு அவார்டு குடுத்திருக்கணும் என்றார்கள். அவள் பாத்ரூமுக்குப் போய்க் கையைக் கழுவினாள். இன்றுவரை அந்தக் கட்டைவிரல் நகத்தை அவள் வளரவிட்டதில்லை.

காப்பியை ஆற்றிக்கொண்டு ஹாலுக்குப் போனாள். சாமிக்குப் புது டம்ளரில் பால், மற்றவர்களுக்குக் காப்பி. வசுமதி இப்போது நேராக விஷயத்துக்கு வந்திருந்தாள். மாலை போட்டாச்சு, பாட்டிலைத் தொடுறதில்லை, மலைக்குப் போய் வந்தப்புறமும் தொடமாட்டேன்னு மாலை மேல சத்தியம் பண்ணியிருக்கான், இன்னும் என்னதான் வேணும் என்று கேட்டாள். அப்புறம் உண்மை மெதுவாக வெளியே வந்தது: சாமி விடியக்காலை குளித்துவிட்டு வந்தால் சுடச்சுடச் சமைத்துப் போட ஆள் வேண்டும், வீடு மெழுக ஆள் வேண்டும், தனக்கு முட்டி மடக்க முடியவில்லை. இன்றைக்கே கூட்டிக்கொண்டு போகிறார்களாம், நாள் நன்றாக இருக்கிறதாம். தட்சிணாமூர்த்தி தலையை ஆட்டினார். திருந்தறதுக்கு ஒரு சந்தர்ப்பம் குடுக்கணும், என்னையே பாருங்களேன் என்றார். கோமளவல்லி அவரைப் பார்த்தாள். தொங்கின கன்னம், புறங்கையில் சொறிந்த தழும்பு, பனியனில் காப்பிச் சொட்டு. இவரை இந்தப் பெண்ணின் எதிரே ஒரு பரிசுக் கோப்பையாகத் தூக்கிக் காட்டுகிறார்கள், பார், பொறுத்தவளுக்குக் கிடைத்தது. கிரிதரன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாலை போட்டவர்கள் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லாப் பெண்களும் மாளிகப்புறம்தான். அதனால் அவனுக்கு எவ்வளவு சௌகரியம், கட்டினவளின் பெயரைச் சொல்லாமலே கூப்பிடலாம், முகத்தைப் பார்க்காமலே பேசலாம். கிளம்பலாமா மாளிகப்புறம் என்றான், தரையைப் பார்த்து. அவன் வாயிலிருந்து இன்றைக்கு ஒரு நாற்றமும் வரவில்லை, துளசிதான் மணந்தது. ஆனாலும் கோமளவல்லியின் மூக்கு அந்தத் துளசியை நம்பவில்லை. அதற்கு அடியில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. தேடுகிற மூக்கோடு எப்படி ஒரு ஆயுசு முழுவதும் இருப்பது? இருந்தாயே என்று யாரோ அவளுக்குள்ளே கேட்டார்கள். இருந்தேன், இருந்துவிட்டு என்ன கண்டேன். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. இந்த மனிதரோடுதான் இன்றைக்கு ராத்திரியும் சாப்பிட வேண்டும். தான் ஒன்றும் சொல்லாவிட்டால் மஞ்சரி போய்விடுவாள், அதிலும் சந்தேகமில்லை, அவள் சண்டை போடுகிற பெண் இல்லை, அம்மா சொன்னால் கேட்கிறவள், அப்படித்தான் வளர்த்தாயிற்று.

மழை ஆரம்பித்துவிட்டது. வசுமதி பேச்சை நிறுத்திக் கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள். கதாநாயகி ஓடி வருகிறாள், சேறு, மின்னல், கால். கோமளவல்லியின் இளம்வயசுக் குரல் அந்த ஹாலை நிறைத்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். எனக்கு நீங்க தெய்வம் என்றது குரல். பார்த்தியா மஞ்சரி, உங்கம்மா வாய்லேர்ந்து வந்த வார்த்தை என்று வசுமதி அழுதுகொண்டே சொன்னாள், வா, வந்து சாமி கால்ல விழுந்துட்டுப் பையை எடுத்துக்கோ. மஞ்சரி அம்மாவை ஒருதரம் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, மெதுவாக நடந்து வந்து பாயின் எதிரே நின்று, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். குனியும்போது அவள் தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். அதை வேறு யார் பார்த்தார்கள், யாருக்கு அது என்னவென்று தெரியும். டிவியில் கதாநாயகி முகத்தை நிமிர்த்தி வாயை மூடினாள், மூடின வாய்க்கு மேலே அந்தச் சத்தம் வந்தது. தட்சிணாமூர்த்தி காலை ஆட்டிக்கொண்டு, இந்த அழுகைக்கு யார் காரணம் தெரியுமா சாமி என்று ஆரம்பித்தார்.

"அது அழுகை இல்ல," என்றாள் கோமளவல்லி. குரலில் உருக்கம் ஒன்றுமில்லை, மளிகைக்குச் சொல்கிற குரல்தான். "அன்னிக்குக் காலைல இவர் எடுத்த வாந்திய இந்தக் கையாலதான் வழிச்சேன். அதே கைய வாய்ல வெச்சு அந்த வசனத்தைச் சொன்னேன். குமட்டிடுச்சு. எனக்கு வாந்தி வந்த சத்தத்தைத்தான் எல்லாரும் உக்காந்து கேட்டு அழுதுட்டு இருக்கீங்க."

வசுமதியின் கைக்குட்டை பாதி வழியில் நின்றது. கிரிதரன் முதல்முறையாகத் தரையிலிருந்து கண்ணை எடுத்தான். தட்சிணாமூர்த்தி சிரிக்கத் தொடங்கி, யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து, என்ன கோமளா, வந்தவங்க முன்னாடி என்றார். மஞ்சரி குனிந்தபடியே இருந்தாள். நிமிருடி என்றாள் கோமளவல்லி. அப்புறம் வசுமதி பக்கம் திரும்பி, இவ அருவருப்பா இருக்குன்னு சொன்னப்ப, அதெல்லாம் ஒரு காரணமான்னு நான்தான் கேட்டேன், அது காரணம்தான் சம்பந்தி, அவ வரல, அவளுக்குப் பிடிக்கல, சாமிக்குச் சமைக்க வேற ஆள் பாத்துக்குங்க என்றாள். சொல்லிவிட்டுத் தட்டை டீப்பாயில் வைத்தாள்.

அவர்கள் போவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று, வசுமதி சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனாள், பெண்ணைக் கெடுத்தவள் என்பது அதில் ஒன்று. கிரிதரன் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு இறங்கினான், பாலை அவன் தொடவில்லை. தட்சிணாமூர்த்தி கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மழை விட்டு, கதாநாயகன் திருந்தி, கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்றார். அவளிடமா டிவியிடமா என்று தெரியவில்லை. கோமளவல்லி அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு மஞ்சரி பின்னாலேயே வந்தாள். அம்மா கழுவிக்கொண்டிருந்த வலது கையைப் பார்த்தாள்.

"கொளத்தூர் வீட்டுல ரெண்டு பேர் தாராளமா இருக்கலாம்மா," என்றாள்.

கோமளவல்லி குழாயை மூடினாள். ஹாலில் தட்சிணாமூர்த்தி சேனலை மாற்றுகிற சத்தம் கேட்டது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அங்கே குழாயில் கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிறதா, தண்ணீர் லாரியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று கேட்டாள்.